அம்மா முன்பே ஏறிய விமானம்

எழுபது வயதில் முதல் விமானப் பயணம், பயப்படுவாள் என்று நினைத்து, காரைக்காலிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்த அம்மாவுக்கு விமானத்தில் பெல்ட் மாட்டிவிடக் குனிந்தேன். அவளே மாட்டிக்கொண்டாள்.

“கல்யாணமான புதுசுல இங்கேர்ந்து பம்பாய் போயி, பாரிசுக்குப் போனேன்டா. அப்பல்லாம் வெயில்ல நடந்து போயி ஏணியில ஏறணும்.”

“அப்பா பாரிஸ்ல இருந்தாரா?”

“உங்கப்பா இல்ல. மொதல்ல என்னைக் கட்டுனவரு. அங்க பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. போயி எறங்குனா, வீட்ல ஒரு வெள்ளைக்காரியும் ரெண்டு புள்ளைங்களும். திரும்பி வந்துட்டேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டாரு.”

விமானம் மேலெழுந்தது. அவள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிறந்த பிறகுதான் அம்மாவுக்கு வாழ்க்கையே தொடங்கியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.