ஓடுதா அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று கதை விடுகிற ஆள் நான் இல்லை. வேலையிடத்தில் நைட் ஷிப்டில் எவளாவது எதையோ பார்த்தேன் என்று அலறினால், "போய் ஒரு மைலோ குடி, எல்லாம் சரியா போயிடும்" என்று விரட்டுகிறவள் நான்தான். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் பதினெட்டு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கம்ப்யூட்டர் சில்லில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பார்க்காத ஒன்றுக்கு ஓகே போட்டதே இல்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். இது ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். பட்டப்பகல், மத்தியானம் இரண்டு மணி. நம்பினால் நம்புங்கள்.

என் தங்கச்சி மலருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது நம் உள்ளங்கையில் தெரியும், போன் வைப்ரேஷனில் கிடந்து அதிர்கிற மாதிரி. தினமும் தொட்டுப் பார்க்கணும், அதிர்வு நின்றுபோனால் உடனே கொண்டுவரணும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மலர் தானே தொட்டுப் பார்த்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. ஜார்ஜ்டவுனில் ஒரே ப்ளாட்டில்தான் இருந்தோம், நான் நாலாவது மாடி, அவள் ஆறாவது. நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து இறங்கி வந்து, கேட் கம்பி வழியாகக் கையை நீட்டுவாள்.

"ஓடுதா அக்கா?"

"ஓடுது ஓடுது. போய்ப் படு."

அவள் புருஷன் சுரேன் அந்தக் கையைத் தொடவே மாட்டான். "கூசுதுக்கா, உள்ள பூச்சி ஓடுற மாரி இருக்கு" என்று என்னிடமே சொன்னான். ஆனால் துடிக்கிற மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது மட்டும் கூசாது! பாலிக் புலாவ் பக்கம் கடலுக்குள் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. படகு கட்ட ஜெட்டி கிடையாது, வீடு கிடையாது, வெறும் பாறையும் புதரும். மாதத்துக்கு ஒரு தடவை கூட்டாளிகளோடு அங்கே போய்விடுவான். "அங்க போன் லைன் கிடைக்காதுக்கா, அதான் நிம்மதி" என்பான். என்னையும் ஒரு தடவை கூட்டிப் போங்க என்று மலர் எத்தனையோ முறை கேட்டாள். அடுத்த மாசம் லா, அடுத்த மாசம் லா என்றே காலத்தை ஓட்டினான்.

அவன் அந்தத் தீவில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மலர் போனாள். நான் ஓவர்டைம் முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தபோது சமையலறையில் விழுந்து கிடந்தாள், உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. போனில் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள், எல்லாம் அவனுக்கு. ஐஸ் பெட்டி நிறைய மீனோடு அவன் படியேறி வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நீ நல்லா இருப்பியாடா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

வருஷத் திதி முடிந்த அடுத்த வாரமே, "அக்கா, பொண்ணு பார்த்திருக்காங்க, ஜுரு பக்கம்" என்று வந்து நின்றான். நான் சிரித்தேன். சந்தோஷம் தம்பி, கல்யாணத்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து எங்காவது போய் வரலாம், உனக்குப் பிடித்த அந்தத் தீவுக்கே போகலாம், ஏற்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பைத்தியக்காரன், நம்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை போய், ஞாயிறு மத்தியானம் திரும்புவதாகத் திட்டம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் பெண்கள் இரண்டு பேர், கொழுந்தனார் குடும்பத்தில் மூன்று பேர், சுரேன், மொத்தம் எட்டுப் பேர். கூடாரம், கரி, சார்டின் டின், தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டேன். பட்டியலில் இல்லாத ஒன்றும் என் மனசில் இருந்தது. படகுக்காரரிடம் இரண்டு மணிக்கு வாங்க என்றேன், சுரேனிடம் நாலு மணி என்றேன். அவன் எப்போதும் மீன் பிடிக்கிற பாறை தீவுக்குப் பின்பக்கம், அங்கிருந்து படகு வருவது தெரியாது. மற்றவர்களிடம், அவன் கூட்டாளிகள் படகில் வருவான் என்று சொல்லிவிட்டேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை, தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரே ஒரு ராத்திரி, கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லாமல் கிடந்து பார்க்கட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. படகுக்காரர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், கறாரான மனுஷர். எட்டுப் பேரை இறக்கினால் எட்டுப் பேரை ஏற்றாமல் இஞ்சினைத் தொட மாட்டார். அவரிடம் சொல்ல ஒரு பொய்யை ராத்திரி முழுக்க மலாயில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

ஞாயிறு இரண்டு மணி. நல்ல வெயில். சிப்பி கிழித்த காலோடு எல்லாரும் ஏறி, லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தோம். நான் கடைசி ஆளாக முன்பக்கப் பலகையில், கடலைப் பார்த்தபடி. என் வலது பக்கம் காலி. பாக்சிக் பின்னாலிருந்து விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். நான் பொய்யை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"... அனாம், துஜோ, லாப்பான். சுக்கோப்."

எட்டு, சரியாக இருக்கிறது என்கிறார். மனுஷருக்குக் கண் போய்விட்டதா என்று திரும்பப் போனேன். அப்போதுதான் என் வலது கையில் ஒரு கை ஒட்டியது. சில்லென்று, ஈரமாக. தோள் பக்கத்தில் இன்னொரு ஜாக்கெட் உரசியது. படகு அதிர்ந்ததுதானே என்று கேட்பீர்கள். இஞ்சின் இன்னும் போடவே இல்லை! அந்தக் கை அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஓட்டம்.

நான் திரும்பவில்லை. பயத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷமும் வந்தது, அதை எப்படிச் சொல்ல? வந்துட்டியா, நீயும் அவனை விட்டுட்டுத்தானே வரே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கரை சேர்ந்து எல்லாரும் இறங்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை. பாக்சிக் ஜாக்கெட்டுகளைப் பலகையில் விரித்தார். எட்டு. ஏழு காய்ந்திருந்தன, ஒன்றிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது.

மறுநாள் காலை, தங்கச்சி புருஷன் வீடு வந்து சேரவில்லை, தீவில் மாட்டிக்கொண்டான் போல என்று பாக்சிக்கைக் கூப்பிட்டு, நானும் படகில் ஏறினேன். எட்டை ஏற்றி எட்டை இறக்கினேன், அப்புறம் அங்கே யார் என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

சுரேன் நாங்கள் ஏறுகிற பாறையிலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டில் திறக்காமல் கிடந்தது. திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து வந்து இடது கையை என் முன்னால் நீட்டினான்.

"இன்னிக்காச்சும் தொட்டுப் பாருங்கக்கா. ஓடுதா?"

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். மலர் போன அன்று காலையிலும் கேட் வழியாகக் கையை நீட்டினாள். கீழே பேக்டரி பஸ் வந்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமலே, "ஓடுது ஓடுது" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். தொடவில்லை. தொட்டிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. இதயம் நின்றுவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் நான் தொடவில்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பாறையில் நின்று சுரேனின் கையைத் தொட்டேன். ஓடியது.

இரண்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், கையில் ஒன்றுமே இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை, எனக்கு மட்டும்தான் தெரிகிறது. அந்த ராத்திரியைக் கேட்டால், தூங்கிட்டேன்கா என்கிறான். ஜுருப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தினமும் காலையில் நான் கிளம்புகிற நேரம் ஆறாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறான். நான் பழிவாங்க நினைத்தது அவனை. இப்போது யார் யாரைப் பழிவாங்குகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

நேற்றும் வந்தான். எனக்கு நேரமாகிவிட்டது, கீழே பஸ் ஹார்ன் அடித்துவிட்டது. கேட்டைப் பூட்டிக்கொண்டே "ஓடுது தம்பி, ஓடுது" என்றேன். அவன் நகரவில்லை. கோபமும் இல்லை முகத்தில். கையை நீட்டியபடி, மலர் தலையைச் சாய்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பஸ் போய்விட்டது.