அரை அணுவை ஒழித்தவர்

புதுப்பட்டினத்தில் பிளஸ் டூ வேதியியல் டியூஷன் என்றால் கண்ணாயிரம்தான். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அணுவோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள்கூட, தங்கள் பிள்ளைகளுக்கு அணுவைச் சொல்லித்தர இவரிடம்தான் அனுப்பினார்கள். அவர்களுக்கு நேரமில்லை, இவருக்குச் சந்தேகமே வராது.

சதவீதத்தைக் கொடுத்து எளிய விகித வாய்பாடு கேட்டால் அவர் வழி சுருக்கமானது. ஒவ்வொரு சதவீதத்தையும் அந்தத் தனிமத்தின் அணு எடையால் வகு. வந்தவற்றில் சிறியதால் எல்லாவற்றையும் மறுபடி வகு. பின்னம் மிஞ்சினால் முழு எண்ணாக ஏற்றிவிடு.

"அரை அணுன்னு ஒண்ணு கீதா? இல்லல்ல? அப்புறம் இன்னாத்துக்கு அத்த எழுதிகினு."

அரை அணு இல்லை என்பது உண்மைதான். வில்லங்கமே அந்த உண்மையில்தான் இருந்தது.

1997 கடைசியில் துருவின் இரும்பு ஆக்சைடு கணக்கு வந்தது. இரும்பு எழுபது சதவீதம், ஆக்சிஜன் முப்பது. வகுத்தால் இரும்பு ஒன்றுக்கு ஆக்சிஜன் ஒன்றரை. கண்ணாயிரம் ஒன்றரையை இரண்டாக்கினார்.

டவுன்ஷிப் கோபாலகிருஷ்ணனின் மகள் சங்கரி எழுந்தாள். "சார், ரெண்டு பக்கமும் ரெண்டால பெருக்கினா இரும்பு ரெண்டு, ஆக்சிஜன் மூணுன்னு வருமே. அரையும் போயிடும்."

"நீ வந்து சாக்பீஸப் புடிம்மா. நான் பெஞ்சுல குந்திக்கிறேன்."

வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு அதே துரு வந்தது. வகுப்பே ஒற்றுமையாக, பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் ஆக்சைடை எழுதிவைத்தது. பெற்றோர் வாசலில் கூடி, இனி ஒரு பிள்ளையையும் அனுப்புவதில்லை என்றார்கள். டியூஷனை விட்டால் கண்ணாயிரத்துக்கு வேறு பிழைப்பில்லை.

"முறை கரெக்ட்டு சார்," என்றார். "துருதான் பேஜாரான ஐட்டம்."

யாரும் சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. சங்கரி வேதியியலில் இருநூற்றுக்கு இருநூறு. மறுநாளே டியூஷன் வாசலில், உப்புக்காற்றில் துருவேறிய தகரப் பலகையின் மேல் அவள் படம் ஏறியது: 'எங்கள் மாணவி'.

கோபாலகிருஷ்ணன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். "பாதியில நின்னவ சார் என் பொண்ணு."

"பாதி ஸ்டூடண்டுன்னு ஒண்ணு கீதா சார்? முழுசாக்கிட்டேன்."

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜூனில் வகுப்பு நிரம்பியது. கண்ணாயிரமும் திருந்தியிருந்தார்: கடைசியில் எதுவானாலும் இரண்டால் பெருக்கிவிட வேண்டும் என்பது புது விதி. துரு சரியாக வந்தது. தண்ணீரில்தான் ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு ஆயிற்று.