லூப்யாவில் பிறக்காதவள்

எங்கள் புர்ஜ் அல்-பராஜ்னே அகதி முகாமில் ஸுஹ்தி டைல்ஸ் ஒட்டாத குளியலறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிரியாவில் சண்டை மூண்டு அங்கிருந்த யர்மூக் அகதி முகாமில் குண்டு விழுந்தபோது மனைவியோடு பெய்ரூத்துக்கு ஓடி வந்து, என் எதிர்வீட்டில் குடியேறியவர். நாங்கள் ஒரு தடவை அகதியானவர்கள், அவர் இரண்டு தடவை. "நான் உங்களுக்கெல்லாம் சீனியர்" என்று அதிலும் பெருமை அடித்துக்கொள்வார். வாய்க்குக் குறைவில்லை. காகிதத்துக்குத்தான் பஞ்சம். தங்கும் அனுமதி காலாவதியாகி மூன்று வருடமாகிறது. அதனால் ராணுவச் சாவடியைத் தாண்டிப் போகும் வேலை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவர் மகள் ஜுமானாவின் பிறப்பை ஒரு வயதுக்குள் பதிந்தாக வேண்டும். தவறினால் கோர்ட், வக்கீல், வருடக்கணக்கில் அலைச்சல். அதுவரை சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. ஐந்து நாள் மிச்சமிருக்கும்போது, பிறப்புக்குத் தாள் எழுதித் தரும் முக்தாரிடம் தாளை வாங்கிக்கொண்டு, ஸுஹ்தியின் மனைவி இப்திஹாலும் நானும் பதிவு அலுவலகம் போனோம்.

குமாஸ்தா தாளைப் படித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, மருத்துவச்சி சீட்டுல பெய்ரூத்னு இருக்கு. முக்தார் லூப்யான்னு எழுதியிருக்காரு. எல்லை தாண்டிப் போய்ப் பெத்துட்டு வந்தீங்களா?"

லூப்யா ஸுஹ்தியின் தாத்தா ஊர். நாற்பத்தெட்டுப் போரிலேயே எல்லைக்கு அந்தப் பக்கம் பறிபோன ஊர், ஸுஹ்தி கண்ணால் கண்டதில்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் ஊரைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், மூன்று வயதுப் பிள்ளைகூடப் பறிபோன ஊரைத்தான் சொல்லும். பிள்ளை பிறந்த இடம் எது என்று முக்தார் போனில் கேட்டிருக்கிறார். இவரும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறார்.

"பழக்கதோஷம்க்கா" என்றார் ஸுஹ்தி, வீடு திரும்பிக் கேட்டபோது.

"நல்ல பழக்கம். தூக்கத்துல எழுப்பினாலும் லூப்யாதான் வரும் உன் வாயில" என்றேன்.

தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திருத்துவேன் என்று முக்தார் கறாராகச் சொல்லிவிட்டார். சாவடியில் பிடித்தால் நாடு கடத்துவார்கள் என்று ஆளுக்கு ஆள் பயமுறுத்தினார்கள். எந்த நாட்டுக்கு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இப்திஹாலோ இரண்டு நாளாகப் புருஷனுக்கு ஒத்திகை நடத்தினாள்.

"புள்ள எங்க பொறந்தா?"

"லூ... பெய்ரூத்."

"ஒழுங்கா சொன்னாத்தான் சோறு."

மூன்றாம் நாள் கிளம்பினோம். போகும்போது சாவடிக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். முக்தார் கேட்டதும் ஸுஹ்தி, தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்பவரைப் போல, "பெய்ரூத்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. மதியத்துக்குள் பதிவு அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டது.

திரும்பும்போது மாட்டிக்கொண்டோம்.

"காகிதம்" என்றான் சிப்பாய்.

ஸுஹ்தி ஜுமானாவின் தாளை நீட்டினார்.

"உன்னோடதக் கேட்டேன்."

"என்னோடது செத்துப்போச்சு சார். எங்க வீட்டுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான். இன்னைக்கு இவதான் எங்களைக் கூட்டிட்டுப் போறா."

இப்திஹாலின் இடுப்பிலிருந்த ஜுமானா எட்டி அவன் துப்பாக்கி வாரைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எந்த ஊரு?"

நான் ஸுஹ்தியின் முதுகில் நறுக்கென்று கிள்ளினேன்.

"லூப்யா" என்றார். இந்தத் தடவை வாய் தவறவில்லை.

"அது எங்க இருக்கு?"

"அங்க போக ஒரு தாள் குடுங்க சார், இப்பவே போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

சிப்பாய் ஜுமானாவின் தாளை வாங்கி மடித்தான். அவரிடம் கொடுக்காமல் ஜுமானாவின் கையில் வைத்தான்.

"கசக்கிடாதம்மா" என்றான். "உங்கப்பாவுக்கு வேற எதுவும் இல்ல."