குதிரைத் துரைக்கு வைத்த பாட்டில்

1. வளைவில் கிடந்தவர்

காலை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்து தொழிலாளர்கள் மலை ஏறிய சிறிது நேரத்தில் ஓர் ஆள் ஓடிவந்து ஸ்டோர் கதவைத் தட்டினான்.

"கிளார்க்கையா, வேலுச்சாமிய தொர அடிச்சுட்டாருய்யா!"

அவன் சொன்ன துரை உயிரோடு இருப்பவர் அல்ல. தேவிகுளத்துக்கு அப்பால் இருந்த எங்கள் எஸ்டேட்டில், காடு வெட்டித் தேயிலை போட்ட முதல் வெள்ளைக்காரர் பனிமூட்டத்தில் குதிரையோடு பள்ளத்தில் விழுந்து செத்தார் என்பது கதை. அந்த வளைவில் ஒரு கல் நட்டிருந்தார்கள். புதுத் தேயிலைக் காட்டில் பூச்சி மருந்தடிக்கத் தொடங்கும் நாளில் கல்லுக்கு ஒரு பாட்டில் பிராந்தியும் சுருட்டும் வைப்பார்கள். வைக்காவிட்டால் துரை ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார் என்று நம்பினார்கள்.

வாட்ச்மேன் வேலுச்சாமி அந்தப் பிராந்தியை எடுத்துக் குடிப்பவர். ஒளித்தும் செய்யமாட்டார். "செத்த தொரைக்கு எதுக்குல பிராந்தி? உசுரோட இருக்கிற தொர நான் இருக்கேன்லா?" என்பார். மருந்தடிக்கும் கேங்கின் தலையாள் சுடலைமுத்து முந்தின வாரம்தான் மஸ்டரில் எல்லார் முன்பும் கத்தியிருந்தான்: "குடில, நல்லாக் குடி. ஒருநா அதுவே ஒன் கொடல எரிக்கும்."

நான் போனபோது வேலுச்சாமி கல்லருகே வாயில் நுரையோடு கிடந்தார். உயிர் இல்லை. பக்கத்தில் சுடலைமுத்து பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "மாறிப்போச்சுய்யா, பாட்டிலு மாறிப்போச்சு" என்றான்.

எனக்கு உடனே புரிந்தது.

2. டின்னும் பாட்டிலும்

நான் பி.ஏ. படித்தவன். ஸ்டோரும் மருந்தும் என் பொறுப்பு. பூச்சி மருந்தைச் சிவப்பு முத்திரை போட்ட டின்னில்தான் கொடுக்க வேண்டும், வேறு எதிலும் ஊற்றக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். ஆனால் விடியற்காலைக் குளிரில் நின்று ஒவ்வொரு கேங்குக்கும் அளந்து ஊற்ற எனக்குச் சோம்பல். பங்களாவிலிருந்து வரும் காலி பிராந்தி பாட்டில்களில் முந்தின நாள் மாலையே ஊற்றி வைத்துவிடுவேன். லேபிளைச் சுரண்டியதில்லை. காலையில் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவான். நான் கம்பளிக்குள் இருப்பேன்.

அன்று சுடலைமுத்துவின் சாக்குப்பையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்று துரைக்கு, மற்றது தேயிலைக்கு. பனியில் மரத்துப்போன கையால் ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்துவிட்டுப் போனான். காட்டில் மற்றதைத் திறந்து தண்ணீரில் ஊற்றியபோது பிராந்தி வாடை வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினான். வேலுச்சாமி அதற்குள் வழக்கம்போல் ஒரே மடக்கில் குடித்துவிட்டிருந்தார்.

மதியம் எஸ்.ஐ. வந்தார். மலையாளி. என்னிடம் தமிழில் பேச முயன்றார்.

"கிளார்க்கே, மருந்து நிங்கள் எதில் கொடுக்கும்? குப்பியிலா, டின்னிலா?"

மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"டின்னில்தான் சார்" என்றேன்.

ஸ்டோரில் கொடுத்ததே பாட்டில்தான் என்று கேங்கில் இருந்தவர்கள் சொன்னார்கள். "ஆ, பணிக்காரெல்லாம் ஒண்ணாயிட்டுப் பறயும்" என்று, கூலியாட்கள் கூடிப் பேசிச் சொல்வதாக எஸ்.ஐ. தள்ளிவிட்டார். படித்தவன் சொன்னது எழுதப்பட்டது. அப்படியென்றால் விஷத்தைப் பிராந்தி பாட்டிலில் ஊற்றியது சுடலைமுத்துதான். திட்டமிட்ட கொலை என்று ஆயிற்று. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை அவன் மனைவி இசக்கியம்மாள் ஸ்டோருக்கு வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"ஐயா, நீங்க குடுத்த பாட்டிலுதான? ஒத்த வார்த்தை சொன்னாப் போதும்யா. தூக்குல போட்டுருவாகளாமே?"

"பாக்கலாம் இசக்கி" என்றேன். பார்க்கவில்லை. கோர்ட்டிலும் டின் என்றே சொன்னேன்.

3. தீர்ப்புக்குப் பிறகு

சந்தேகத்தின் பலன் கிடைத்து சுடலைமுத்து விடுதலையானான். அதுவரை உள்ளேதான் இருந்தான். அதற்குள் எஸ்டேட் அவன் பெயரை நீக்கி, தொழிலாளர் லயத்தில் இருந்த அவன் வீட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது. சாமான்களை எடுக்க வந்தவன் ஸ்டோர் வாசலில் நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க என்னய்யா செய்வீக. ஒங்களுக்கும் பிள்ளைக இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு இசக்கியோடு போடிப் பாதையில் இறங்கிப் போனான். அதன்பின் அவர்களை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

லயத்துக்காரர்கள் கதையை வேறு மாதிரி வைத்துக்கொண்டார்கள்: திருடிக் குடித்தவனுக்குத் துரை பிராந்தியை விஷமாக்கினார். நான் அதை மறுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சமீபத்தில் வீட்டு டிவியில் ஒரு துப்பறியும் தொடர். தேயிலை மலை, குதிரையில் வரும் வெள்ளைக்காரப் பேய், கல்லில் விஷ பாட்டில். டூரிஸ்டுகளுக்குச் சொல்லும் கதையை யாரோ எடுத்திருக்கிறார்கள். கடைசியில் துப்பறியும் அம்மாள் எல்லாரையும் பங்களா வராந்தாவில் உட்காரவைத்து, டீ குடித்தபடியே கொலைகாரனைக் காட்டினாள். மருந்தடிக்கும் தொழிலாளி.

"மாமா, நீங்க அந்தப் பக்கந்தான வேல பாத்தீங்க? நெசமாவே அவன்தான் கொன்னானா?" என்று மருமகள் கேட்டாள்.

"இல்லம்மா. நான் குடுத்த பாட்டில்" என்றேன். முதல்முறையாகச் சொன்னேன். அவள் டிவியை அணைத்துவிட்டாள்.

ஸ்டோர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மருந்தை அதன் டின்னிலேயே கொடுங்கள். தவறிப்போய் வேறெதில் கொடுத்திருந்தாலும், கேட்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்வது இன்னும் கடினம்.

அந்தத் தொடரில் எல்லாரையும் விசாரித்தார்கள். ஸ்டோர் கிளார்க் என்று ஒரு பாத்திரமே இல்லை.