பழைய கியர் பெட்டியும் இரண்டு சங்கங்களும்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதன் கியர் பெட்டிக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது என்பதே தெரியாது; மீதிப் பேர் தாங்களாகவே மாற்றிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார்கள். வீடு தேடிப் போய் அந்த எண்ணெயை மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

எங்கள் என்றால் நானும் கலியபெருமாளும். இது எப்படி நேர்ந்தது என்று விளங்க, எனக்கு நடந்த அநீதிகளை வரிசையாகச் சொல்லியாக வேண்டும். வரிசை முக்கியம். வரிசை மாறினால் குற்றவாளி தப்பிவிடுவான். துண்டறிக்கை படித்தும் எழுதியும் நான் கற்றது அது.

முதலாவது, மில்லில் இரவு ஷிப்டுக்குக் கொடுத்துவந்த டீயை நிறுத்தினார்கள். இரண்டாவது, ஏன் என்று கேட்ட எனக்கு மெமோ கொடுத்தார்கள். மூன்றாவது, அந்த மெமோவைக் கண்டித்து என் சங்கத்தின் பெயரில் நான் எழுதிய துண்டறிக்கையில் எதிர்ச் சங்கத் தலைவர் கலியபெருமாள் வடையை மடித்துத் தின்றார். நான்காவது, அதே கலியபெருமாள் நிர்வாகத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது, ஆட்குறைப்புப் பட்டியலை மில் கேட்டில் ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாத தோழர்களுக்காக நான்தான் அதைச் சத்தமாக வாசித்தேன். நடுவில் என் பெயர் வந்தது, அதையும் வாசித்தேன். ஆறாவது, கையெழுத்துப் போட்ட கலியபெருமாளின் பெயரும் அதில் வந்தது. இதை அநீதியில் சேர்ப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஏழாவது, பிறகு இருவரும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து கியர் பெட்டி வேலை கற்று முடித்த கையோடு, இங்கே ஒரு சங்கம் வைக்கலாம் என்றேன். இருவரையும் அனுப்பிவிட்டார்கள். கலியபெருமாள் வாயே திறக்கவில்லை. என் பக்கத்தில் நின்றதுதான் அவர் செய்த குற்றம்.

காருக்கு அடியில் படுத்து முகத்தில் எண்ணெய் வாங்கிய தோழர்களே, இனி வருவது உங்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

சொல்தா திறந்த போல்ட்

அரியாங்குப்பத்தில் அமலோர் என்று ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. செல்போனில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, என்ஜின் ஆயிலைத் தானே மாற்றக் கிளம்பியிருக்கிறார். காருக்கு அடியில் இருந்தவை இரண்டு போல்ட்டுகள். அவர் திறந்தது கியர் பெட்டியின் போல்ட்டை. கியர் எண்ணெய் வடிந்து போக, மேலே வந்து என்ஜினுக்குள் புது ஆயிலை ஊற்றிவிட்டார். என்ஜினில் இரட்டைக் குடித்தனம், கியர் பெட்டி காலி வீடு. வடிந்த எண்ணெய் கருப்பாக இல்லாமல் சிவப்பாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து, வண்டியைக் கிளப்பாமல் எங்களைக் கூப்பிட்டதுதான் அன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம்.

நாங்கள் போனபோது சட்டை கசங்காமல், மீசையை நீவியபடி, தோட்டத்தில் விறைப்பாக நின்றார். "என்னா சொல்தா, தோத்துட்டீங்களா?" என்று சீண்டினார் கலியபெருமாள். சொல்தா அவரை மேலும் கீழும் பார்த்து, பிரெஞ்சு மரியாதையோடு தொடங்கினார்.

"மெஸ்யே, இது தோல்வி இல்ல. தப்பான பக்கமா முன்னேறிட்டேன், அவ்ளோதான்."

இடது காலுக்கு வேலை இல்லாத கார்

சொல்தாவின் பக்கத்து வீட்டில் ஜெசிந்தா. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கிளார்க். நாங்கள் சொல்தாவின் காரை முடிக்கும்வரை மதில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, என் வண்டியையும் கொஞ்சம் பாருங்க" என்றார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் வலுவிழந்தவர். இந்தக் காரில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலை இல்லை. அதனாலேயே தன் சம்பாத்தியத்தில் தேடி வாங்கிய பழைய கார். இப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது. முந்தின வாரம் அரியாங்குப்பம் பாலத்தின் நடுவில் நின்றேவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, அண்ணன் வின்சென்ட் ஓடி வந்து தள்ளியிருக்கிறார். தள்ளி முடித்ததும் முடிவும் செய்துவிட்டார்: காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவது, தங்கையைத் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது. கெட்ட மனிதர் இல்லை. பாலத்தில் பயந்துபோனவர்.

வண்டிக்கு நடந்த அநீதிகளை வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். யாருடைய கார் என்றாலும் நான் முதலில் கேட்பது அதுதான். முதலாவது, முன்பு வைத்திருந்தவர் கியர் எண்ணெயை மாற்றியதே இல்லை. இரண்டாவது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்றார்கள். மூன்றாவது, பாலத்தில் நின்ற பிறகு அதே ஒர்க்‌ஷாப்பில் கியர் பெட்டியே போய்விட்டது என்றார்கள். நான் அளவுக் கம்பியை உருவி, என்னிடம் கட்டுக் கட்டாக மிச்சமிருக்கும் பழைய துண்டறிக்கை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பாகப் பரவியது. முகர்ந்தேன், கருகின வாடை இல்லை. வெயிலில் பிடித்தேன், இரும்புத் துகளின் மினுமினுப்பு இல்லை. "இன்னும் உயிர் இருக்கும்மா" என்றேன். ஜெசிந்தா காரின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணன் கூட்டிட்டுப் போவாதுன்னு இல்லண்ணே. ஆனா இந்த வண்டி வந்தப்புறம்தான் நான் போலாமான்னு கேக்கறத உட்டுட்டு, போறேன்னு சொல்றேன்."

காதர் பாய் கடையில்

எண்ணெய் வாங்க முல்லா வீதிப் பக்கம் காதர் பாயின் உதிரிபாகக் கடைக்குப் போனோம். பந்த் நாட்களில் நான் செங்கொடியோடு முன்னால் போய் மூடச் சொன்ன கடைகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் என் தலையைக் கண்டால் அவர் கை தானாக ஷட்டர் கொக்கியைத் தேடும். பிறகு சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்புவார். தொழிலில் எல்லாரிடமும் கோபித்துக்கொள்ளும் எனக்கு, இந்த மனிதரிடம் மட்டும் கோபம் வந்ததில்லை.

டப்பாவைத் திறந்து, எண்ணெயைக் கொஞ்சம் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வாசல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். புதுக் கியர் எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். பாய் கல்லாவில் இருந்தபடியே தலையை ஆட்டினார்.

"தோழரே, அப்பல்லாம் நீங்க செவப்பத் தூக்கிட்டு வந்தா ஊர்ல ஒரு வண்டி ஓடாது. இப்ப பாருங்க, இந்தச் செவப்பு இல்லன்னா வண்டியே ஓடல."

பாதியா, முழுசா

அடிப் போல்ட்டைத் திறந்தால் பழைய எண்ணெயில் ஒரு பங்குதான் வடியும். மீதி உள்ளே தங்கிக்கொள்ளும். மெஷின் வைத்து மொத்தத்தையும் தள்ளி வெளியேற்றலாம். இல்லையென்றால் வடிந்த அளவுக்குப் புதிது ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மறுபடி வடித்து ஊற்றலாம். நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு மாற்றம் கேட்டு வாழ்ந்தவன், இரவலாக மெஷின் கேட்டு வைத்திருந்தேன். கலியபெருமாள் வேண்டாம் என்றார். தேய்ந்த பெட்டி இத்தனை நாள் அந்தப் பழைய அழுக்கின் பிடியில்தான் ஓடியிருக்கும்; எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவி எடுத்தால் மிச்சமிருக்கும் பிடியும் வழுக்கிவிடும் என்பது அவர் கட்சி.

ஜெசிந்தாவின் காருக்கு அடியில் இருவரும் மல்லாந்து படுத்தபடி இந்த வாதம் நடந்தது. "பாதியில ஒத்துக்கறது உமக்குப் பழக்கம்தானே, உம்ம கையெழுத்தை நான் பாத்தவன்" என்றேன். மேலே இருந்து ஜெசிந்தா, "அண்ணே, என் வண்டியப் பத்தித்தானே பேசறீங்க?" என்று கேட்டார். கலியபெருமாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, இதுல தோத்தா உமக்கு இன்னொரு துண்டறிக்கை. மேல நிக்கற பொண்ணுக்குக் காலே போயிரும்."

கலியபெருமாளின் வேலைநிறுத்தம்

கடைசியில் அவர் சொன்னபடி ஒரு பங்குதான் வடித்தோம். அந்த வாரம் கார் ஓடியது. கியரைப் போட்டதும் யோசிக்காமல் நகர்ந்தது; பாலத்து ஏற்றத்தில் மட்டும் ஒரு குலுக்கல். இரண்டாம் முறை வடிக்க, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிகிற நேரத்துக்குப் போனோம். காரைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, கலியபெருமாள் அடியில் புகுந்தார். அப்போது வின்சென்ட் ஒரு புரோக்கரோடு உள்ளே வந்தார். கொடுப்பதாக வார்த்தை சொல்லிவிட்டாராம். புரோக்கர் வண்டியை இப்போதே ஓட்டிக்கொண்டு போகத் தயாராக நின்றார். ஜெசிந்தா சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். வின்சென்ட் கையை நீட்டினார்.

நான் பேசுவதற்குத் தொண்டையைச் செருமுவதற்குள் காருக்கு அடியில் ஸ்பானர் சத்தம் கேட்டது. வடிக்க வைத்த பேசினில் எண்ணெய் கொட்டியது. எந்த வேலைநிறுத்தத்துக்கும் கை தூக்கியிராத கலியபெருமாள், சொட்டுகிற போல்ட்டோடு தவழ்ந்து வெளியே வந்து, நிதானமாகச் சட்டையில் கை துடைத்தார்.

"எண்ணெ இல்லாம இது எங்கயும் போவாது தம்பி. இப்ப பேச்சுவார்த்தைக்கு உக்காரலாம்."

மதிலுக்கு மேல் வாசித்தது

சத்தம் கேட்டுச் சொல்தா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கோயிலில் இருந்து திரும்பியவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். "பாலத்துல நின்னா யாரு தள்றது? நான் ஊர்ல இல்லாதப்ப நின்னா?" என்றார் வின்சென்ட். "தள்ள வேணாம்ணே. எண்ணெ ஊத்தினதும் நீ எங்கூட ஏறு. பாலம் தாண்டறதுக்குள்ள நின்னுச்சுன்னா நானே வித்துடறேன்" என்றார் ஜெசிந்தா. புரோக்கருக்கு அலுத்துவிட்டது. "எனக்கு ஓனர் சொன்னா போதும்பா. ஓனர் யாரு?" என்றார். வின்சென்ட் தங்கையைப் பார்த்தார்.

ஜெசிந்தா காருக்குள் இருந்து ஆர்.சி.யை எடுத்து என்னிடம் நீட்டினார். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் வாசித்தால் அதற்கு ஒரு கனம் வரும் என்று எனக்குத் தெரியும். கடைசியாக நான் அப்படி வாசித்த பெயர்கள் எல்லாம் வெளியே அனுப்பப்பட்டவர்களுடையவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி, மில் கேட்டில் வாசித்த அதே குரலில் வாசித்தேன்.

"உரிமையாளர், ஜெசிந்தா மேரி!"

புரோக்கர் வெறுங்கையோடு திரும்ப, எண்ணெய் ஊற்றிய கார் வின்சென்டையும் ஏற்றிக்கொண்டு நிற்காமல் பாலம் தாண்டியது. அதே பாலத்தில் வண்டிகளை மறித்து நிறுத்தியதற்காகச் சிறைக்குப் போய் வந்த நான், இப்போது காலையில் அதன் முனையில் கலியபெருமாளோடு டீ குடித்தபடி, ஜெசிந்தாவின் கார் அங்கே நிற்காமல் போகிறதா என்று காவல் காப்பவனாக ஆகியிருக்கிறேன்.