செட் மாற்றிய நாள்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இங்கிலீஷில் உருப்படியாகத் தெரிந்த வார்த்தை ஒன்று உண்டென்றால் அது செட். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனை ஓட்டலில் செட் என்றால் மெத்து மெத்தென்று மூன்று தோசை. பூச்சு வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரருக்கு சிமெண்ட் செட் ஆகணும், அதுவரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை செட் ஆனபோது கவரிங்கில் ஒரு செட் வாங்கிக் கொடுத்தோம். வருஷம் திரும்புவதற்குள், மாமியாரோடு செட் ஆகவில்லை என்று பையோடு வந்து நின்றாள். என் மகள் போனில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடிக் காட்டினாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் பட்டியல் முடியவில்லை. அத்தனையிலும் எங்கள் அர்த்தம் மட்டும் இல்லை.

வைட்ஃபீல்டில் நான் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு பேர். ஒருத்தி ஈர மாப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போவாள், இன்னொருத்தி காய்ந்த மாப்போடு பின்னாலேயே வருவாள். அந்த இரண்டு பேர்தான் ஒரு செட். சாப்பாடும் அப்படித்தான். காலையில் ஓடுகிற ஓட்டத்தில் சோறும் வைத்துக் குழம்பும் வைக்க யாருக்கு நேரம்? செட்டில் ஒருத்தி சோறு கொண்டுவருவாள், இன்னொருத்தி குழம்பு.

என் செட் ஒரு அக்கா. சந்தாபுராவிலிருந்து வருகிறவள். அவள் சோறு, நான் குழம்பு. அவள் வர நேரமானால் "உன் செட் எங்கம்மா?" என்று செக்யூரிட்டி என்னைத்தான் கேட்பார். என் புருஷனைக்கூட யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் வந்தாள் ஒரு புதுப்பெண். தர்மபுரிப் பக்கம், டிகிரி முடித்தவள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். அவளை ஒரு கன்னடக்கார அம்மாவோடு செட் போட்டார்கள். லிஃப்டில் அவளைப் பார்த்தால் அக்கா சிரிப்பாள். என்னைப் பார்த்துச் சிரிப்பதைவிடக் கொஞ்சம் அகலமாக. ஒரு நாள் அக்கா தலையில் அவள் கொண்டுவந்த கனகாம்பரம்.

"நல்லா இருக்கா?" என்றாள்.

"வாடிப்போச்சு," என்றேன். வாடவே இல்லை.

மெட்ரோவில் வரும்போதெல்லாம் இதே யோசனை. அக்கா என்னை விட்டுவிட்டால்? வேறு யாரும் என்னோடு செட் சேராமல் போனால்? இந்திராநகர் தாண்டுவதற்குள் எனக்கு வேலை போய், வியாதி வந்து, நான் படுத்தே விட்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் "இவத்திந்த செட் சேஞ்ச்" என்றார். இன்றிலிருந்து அக்காவும் புதுப்பெண்ணும் நாலாவது மாடி, நானும் கன்னடக்கார அம்மாவும் இரண்டாவது மாடி. காரணம் சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பக்கெட்டை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள்.

அக்காவே கேட்டு வாங்கினாளா, சூப்பர்வைசர் தானாகப் போட்டதா? காலை முழுக்க எனக்கு இந்த ஒரு கேள்விதான். "யாக்கம்மா இஷ்டு ஸ்பீடு?" என்று, ஏன் இவ்வளவு வேகம் என்பதுபோல, கன்னடக்கார அம்மா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் திரும்பவில்லை.

மதியம் பேஸ்மெண்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. என் டப்பாவில் கத்திரிக்காய்க் குழம்பு. கன்னடக்கார அம்மா டப்பாவில் சாரு, அவர்கள் ஊர் ரசம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பருக்கை சோறு இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம் அக்காவிடம் ஒரு டப்பா சோறு, புதுப்பெண்ணிடம் ஒரு டப்பா சோறு.

"ஏனம்மா, சாரு குடியோணா?" என்றாள் கன்னடக்கார அம்மா, குடித்தே பசியாறிவிடலாமா என்பதுபோல. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. தின்னுங்கடி வெறுஞ்சோற்றை. நானாக எழுந்து போக மாட்டேன்.

"அக்கா, அவங்ககிட்ட கொஞ்சம் குழம்பு கேக்கலாமா?" என்று புதுப்பெண் மெல்லக் கேட்டாள்.

"கேட்டா குடுப்பா. மூஞ்சியப் பாத்தியா? மொத்தப் புளியும் அதுலதான் கரைச்சிருக்கா," என்றாள் அக்கா, எனக்குக் கேட்கட்டும் என்றே.

பிறகு அவளே டப்பாவோடு எழுந்து வந்தாள். பாதிச் சோற்றை எங்கள் மூடிகளில் தள்ளினாள். என் குழம்பை எடுத்து, பின்னாலேயே வந்து நின்ற புதுப்பெண்ணின் டப்பாவில் முதல் கரண்டியை ஊற்றினாள். "சாப்ட்டுப் பாரு. சொன்னேன்ல, இவ கை."

என்னைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறாள். அதற்குச் சந்தோஷப்படுவதா, என் குழம்பில் முதல் வாய் அவளுக்குப் போனதற்கு வயிறு எரிவதா? கேட்டுவிட்டேன்.

"செட்ட மாத்தச் சொல்லி நீதான் கேட்டியாக்கா?"

"ஆமா. போன வாரம் கேட்டேன். இன்னைக்கே மாத்துவான்னு எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா ஒரு ரசமாவது வெச்சிருப்பேன்."

"அவ என்னாத்துல ஒசத்தி?"

"ஒசத்தி இல்லடி. அவ பேச மாட்டா. நீ மாப்பப் புடிச்சா சாயங்காலம் வரைக்கும் அது ஆயிடுமோ இது ஆயிடுமோன்ற. உன் பயத்தையும் சேத்துப் பயந்து எனக்கு இப்பல்லாம் நெஞ்சு படபடன்னு வருது. கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்டி எனக்கு."

நெஞ்சு படபடப்பா? எப்போதிலிருந்து? டாக்டரிடம் காட்டினாளா, ஈசிஜி எடுத்தாளா, வீட்டில் சொன்னாளா? இத்தனையும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இதைத்தான் வேண்டாம் என்கிறாள். சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

நாலாவது மாடியில் அக்காவுக்கு ஒன்று என்றால் இனி முதலில் தெரியப்போவது இந்தப் பெண்ணுக்குத்தான். தாங்கிப் பிடிக்கப்போவதும் இவள்தான். புதுப்பெண் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

டப்பாவை நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, பாருங்கள்.