பெற்றோல் தாங்கிக்குள் குளவி

சீனன்குடா விமானத்தளத்தில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டாவது வருடம். மாணவர்கள் பறக்கப் பழகும் சிறிய விமானங்களில் ஒன்று கொட்டகை மூலையில் ஆறு கிழமையாக முடங்கிக் கிடந்தது. தரையில் எஞ்சின் அழகாக ஓடும். மேலே போய்க் கால் மணி நேரத்தில் இருமத் தொடங்கும். ஒரு மாணவன், நின்றுபோன எஞ்சினோடு அதை ஓடுபாதையில் இறக்கித் தப்பியிருந்தான். கார்புரேட்டரைக் கழற்றினோம், பம்பை மாற்றினோம். ஒன்றும் பலிக்கவில்லை. உதிரிப்பாகங்களுக்காகப் பிரித்துவிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது.

எங்கள் தலைமை மெக்கானிக் கிண்ணியாக்காரர். அண்ணன் முறையில் நாங்கள் அவரை 'நானா' என்போம். அந்த முடிவு அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக ஒருமுறை எஞ்சினை நீண்ட நேரம் ஓடவிடச் சொன்னார். சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் இருமி நின்றது. ஒரு சந்தேகத்தில் நான் உடனே இறக்கையில் ஏறிப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது.

"நானா, இது மூச்செடுக்க ஏலாமக் கிடக்குது!"

"என்ன கதை கதைக்கிறீங்க தம்பி?"

தாங்கிக்குக் காற்றுப் போகும் சின்னக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தேன். குளவி கட்டிய மண்கூடு உடைந்து விழுந்தது. காற்றுப் புகாததால் பெற்றோல் எஞ்சினுக்கு இறங்கவில்லை. வழமையாக எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறப்போம். அதற்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே நிறைந்துவிடும். அதனால்தான் ஆறு கிழமையாக எங்களுக்குப் பிடிபடவில்லை.

அன்று பின்னேரமே சோதனைப் பறப்பு. பயிற்றுநர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீரோ கண்டுபிடிச்சனீர்?"

"ஓம் சேர்."

"நம்பிக்கை இருக்கோ?"

"இருக்கு சேர்."

"அப்ப பின்னால ஏறும்."

அதுவரை நான் பறந்ததே இல்லை. தளத்தைச் சுற்றி வட்டமிட்டோம். கால் மணி நேரம் நெருங்கியபோது பயத்தோடு எஞ்சின் சத்தத்தையே உற்றுக் கேட்டேன். எஞ்சின் இருமவில்லை. அரை மணி தாண்டியும் அதே சீரான இரைச்சல். பக்கத்துக் கப்பல்துறைக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கூரை தீப்பெட்டியளவில் தெரிந்தது. பயம் போய்விட்டது. நான் வாய்விட்டுக் கூவினேன். முன்னால் இருந்தவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார்.

இறங்கியதும் நானா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய சட்டைக் கிறீஸ் முழுவதும் என் கன்னத்தில். பயிற்றுநர் எங்களைப் பார்த்து, "நாளைக்குக் காலமை பெடியளை இதிலை ஏத்துவம்" என்றார்.

மறுநாள் அதில் நான்கு மாணவர்கள் பறந்தார்கள். ஒவ்வொரு முறை அது எழும்பும்போதும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் என்னை ஏசவில்லை.